சிரசு உள்ளே, உடல் வாசலில்

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு 'தாய்த்தெய்வங்களும் தந்திர மரபும்'. தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் கேட்டார்கள்: சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு அம்மன் கதை எதற்கு? கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? போகலாம். ஆனால் நாம் எழுந்து போன இடத்தில் வேறு யாரோ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். இன்றைக்குக் கைப்பேசியைத் திறந்தால் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. 'எங்கள் மதத்தில் பெண்தான் பராசக்தி. தந்திர மார்க்கத்தில் சாதியே கிடையாது. ஊர்க் காளியும் காஞ்சிக் காமாட்சியும் ஒருத்திதான். சாதியைக் கொண்டுவந்தவன் வெள்ளைக்காரன்.' இதைக் கேட்டு நம் வீட்டுப் பிள்ளைகளே தலையாட்டுகிறார்கள். நம் பக்கத்திலும் சிலர் வேறு வழியாகச் சுற்றி அதே இடத்துக்கு வந்து சேருகிறார்கள்: 'அம்மன் நம்ம சாமி, பார்ப்பான் திருடிக்கொண்டு போய்விட்டான், திரும்ப எடுத்துக்கொள்வோம்.' இரண்டு பேச்சுக்கும் பதில் அந்தக் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் வந்தேன்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ரேணுகை கதையிலிருந்து தொடங்குகிறேன். மகாபாரதத்தின் வனபருவத்தில் இருக்கிறது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகை நீராடப் போன இடத்தில் சித்திரரதன் என்கிற அரசனைப் பார்க்கிறாள். பார்த்ததுதான் குற்றம். வெட்டு என்கிறான் கணவன். மூத்த பிள்ளைகள் மறுக்கிறார்கள், பரசுராமன் கோடரியை எடுத்து வெட்டுகிறான். மகிழ்ந்துபோன தகப்பன் வரம் கொடுக்க, அம்மா உயிரோடு வர வேண்டும் என்று கேட்கிறான், வருகிறாள். சமஸ்கிருதக் கதை இவ்வளவுதான்.

தெற்கே, நம் ஊர்களில், இந்தக் கதைக்குள் இன்னொரு பெண் இருக்கிறாள். கோடரியோடு மகன் துரத்த, ரேணுகை சேரிக்குள் ஓடுகிறாள். அங்கே ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஊருக்கு ஊர் அவளுடைய சாதிப் பெயர் மாறும். தீண்டப்படாதவள் என்பது மட்டும் மாறாது. ஒரே வெட்டில் இரண்டு தலையும் விழுகின்றன. வரம் கிடைத்து ஒட்டவைக்கும்போது அவசரத்தில் தலைகள் மாறிப்போகின்றன. பார்ப்பனத் தலையும் சேரி உடலும் சேர்ந்தது மாரியம்மன். சேரித் தலையும் பார்ப்பன உடலும் சேர்ந்தது எல்லையம்மன்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். இரண்டு பேருமே கலப்புதான். பாதி அது, பாதி இது. அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே இடம் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா? பார்ப்பனத் தலை வைத்திருப்பவள் ஊருக்குள் அமர்கிறாள். சேரித் தலை வைத்திருப்பவள், கழுத்துக்குக் கீழே முழுப் பார்ப்பன உடல் இருந்தும், ஊர் எல்லைக்குப் போகிறாள். சாதி தலையில்தான் இருக்கிறது என்கிறது கதை. புருஷ சூக்தம் பிராமணனை வாயில் வைத்து, சூத்திரனைப் பாதத்தில் வைத்ததே, அதே உடற்கூறு சாத்திரம்தான் இது.

அந்தச் சேரிப் பெண் செய்த குற்றம் என்ன? அடைக்கலம் கேட்டு வந்தவளைக் கைவிடாதது. கதை முழுக்கத் தேடினாலும் இரக்கம் என்கிற ஒன்றைச் செயலில் காட்டியவள் அவள் ஒருத்திதான். அவளுக்குப் பெரும்பாலான கதைகளில் பெயர்கூட இல்லை. வெட்டியவனுக்கோ அவதாரப் பட்டியலில் இடம். கடலிலிருந்து கேரளத்தை மீட்டுப் பார்ப்பனர்களுக்குத் தானம் கொடுத்தவன் என்று தனிப் புராணம் வேறு.

இது நான் இட்டுக்கட்டிய விளக்கம் என்று நினைக்க வேண்டாம். பியர் சொன்னரா என்கிற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்து பார்த்து, 1782இல் பயண நூல் வெளியிட்டார். மாரியம்மன் கதையைச் சொல்லிவிட்டு ஒரு வழக்கத்தையும் குறித்து வைத்திருக்கிறார். அம்மனின் தலை கோயிலின் உள்ளே இருக்குமாம். அதை 'நல்ல சாதியார்' கும்பிடுவார்களாம். உடல் வாசலில் இருக்குமாம். அதைப் பறையர்கள் கும்பிடுவார்களாம். தெய்வத்தையே இரண்டாக வெட்டி, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று சாதிக்குத் தகுந்தாற்போல் பங்கு போட்ட சமூகம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையைச் சொன்னரா வழியாகப் படித்த ஜெர்மானியக் கவிஞர் கதே, 'பறையன்' என்று தலைப்பிட்டு 1824இல் கவிதையே வெளியிட்டார். அவருக்கு உறைத்தது. இங்கே இருந்த பண்டிதர்களுக்கு உறைக்கவில்லை.

இன்றும் வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாகப் புறப்படும். இலட்சக்கணக்கில் கூட்டம், வழிநெடுகத் தேங்காய் உடைப்பு. கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்குப் போனதும் அந்தச் சிரசை ஓர் உடலின் மேல் பொருத்துவார்கள். அந்த உடலுக்குப் பெயர் சண்டாளச்சி உடல். நாளிதழ்களில் ஆண்டுதோறும் இதே சொல்லோடுதான் செய்தி வருகிறது; படிக்கிறவர்கள் கண்ணில் படுவதில்லை. அன்று இரவே சிரசைக் கழற்றிவிடுவார்கள். தலையும் உடலும் சேர்ந்திருப்பது ஒரு பகல். இந்த 'ஒரு பகல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

சரி, இதில் தந்திரம் எங்கே வருகிறது?

தந்திர மரபில் பத்து மகாவித்யைகள் என்று பத்துத் தேவிகள் உண்டு. அதில் ஒருத்தி சின்னமஸ்தா. ஜார்கண்டில் ராஜரப்பா என்கிற ஊரில் அவளுக்குப் புகழ்பெற்ற கோயில் இருக்கிறது. அவளும் தலையறுந்தவள்தான். ஆனால் அவள் தன் தலையைத் தானே அறுத்துத் தன் கையிலேயே பிடித்திருக்கிறாள். கழுத்திலிருந்து பீறிடும் குருதியைத் தோழிகளுக்குக் கொடுத்துத் தானும் குடிக்கிறாள். பௌத்த தந்திரத்திலும் இதே உருவம் உண்டு. ரேணுகையின் தலையை அறுத்தது புருசன் சொல், மகன் கை. இவளுடைய தலை இவள் கையில். தந்திரத்தில் பெண்ணுக்கு வேறு மாதிரியான இடம் இருந்தது என்று சொல்கிறவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1959இல் வெளியிட்ட 'லோகாயதம்' நூலில், தந்திரச் சடங்குகளின் வேர் வேளாண்மையைத் தொடங்கிய பெண்களின் வளச் சடங்குகளில் இருக்கிறது என்று வாதிட்டார். டி.டி. கோசாம்பி புனேயைச் சுற்றியுள்ள மலையடிவாரங்களிலும் பாதைகள் சந்திக்கும் இடங்களிலும் நடந்தே திரிந்து, கணவன் இல்லாத தாய்த்தெய்வங்கள் எப்படிப் பிறகு ஆண் தெய்வங்களுக்குக் கட்டிவைக்கப்பட்டார்கள் என்று எழுதினார். நம்முடைய கொற்றவையும் கணவன் பெயரால் அறியப்பட்டவள் அல்ல.

ஆனால் வேர் ஒன்று, அறுவடை யாருக்கு என்பது வேறு. அதற்கு மாதங்கி கதையைப் பார்க்க வேண்டும். இதைத்தான் இன்று விரிவாகப் பேச நினைத்தேன்.

மாதங்கியும் பத்து மகாவித்யைகளில் ஒருத்தி. மதங்கர் என்றால் சண்டாளர். அவளுக்கு இன்னொரு பெயர் உச்சிட்ட சண்டாளினி. உச்சிட்டம் என்றால் எச்சில். மற்ற தெய்வங்களுக்குக் குளித்து முழுகி, மடியோடு படைக்க வேண்டும். இவளுக்கு எச்சிலைப் படைக்க வேண்டும், கை கழுவாமல் கும்பிட வேண்டும் என்கிறது தந்திர விதி. தீட்டு என்று தள்ளியது அத்தனையும் இவளிடம் வழிபாட்டுப் பொருள்.

இது ஏடுகளில் இருக்கும் மாதங்கி. மண்ணில் இன்னொரு மாதங்கி இருந்தாள். தெலுங்கு நாட்டில் மாதிகர் சமூகத்தில், அதாவது தோல் வேலை செய்த தீண்டப்படாத சமூகத்தில், ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து அம்மனுக்குப் பொட்டுக்கட்டுவார்கள். அவளுக்கு மாதங்கி என்று பெயர். திருவிழாவில் அம்மன் இறங்கிவிட்டால் அவள் கூட்டத்துக்குள் பாய்ந்து, எல்லோரையும் தொட்டு, வசைபாடி, கள்ளைக் குடித்து முகத்தில் துப்புவாள். ரெட்டியானாலும் சரி, பார்ப்பானானாலும் சரி, அந்த எச்சிலைத் தூய்மை என்று ஏற்றுக்கொள்வார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும், எல்மோர் என்கிற பாதிரியார் 1915இல் வெளியிட்ட நூலிலும் மாதங்கியைப் பற்றிய விவரங்கள் இருக்கின்றன. எச்சில் தேவி எங்கிருந்து வந்திருப்பாள் என்று இப்போது உங்களுக்கே தோன்றும்.

ஏட்டில் ஏறிய மாதங்கிக்கு அடுத்து என்ன ஆயிற்று? ஸ்ரீவித்யை மரபில் அவள் ராஜமாதங்கி ஆகிறாள், லலிதாம்பிகையின் மந்திரிணி. எச்சில் போய்விட்டது, கள் போய்விட்டது. கையில் வீணை வந்துவிட்டது, கிளி வந்துவிட்டது. காளிதாசன் பெயரில் வழங்கும் சியாமளா தண்டகத்தில் மதங்கர் மகள் என்றே அவளைப் போற்றுகிறார்கள். அக்கிரகாரத்து வீடுகளில் அதைப் பாராயணம் செய்கிறார்கள். இந்த ராஜமாதங்கிதான் மதுரை மீனாட்சி என்று ஸ்ரீவித்யை உபாசகர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

நல்லது. சண்டாளப் பெண்ணின் பெயரைத் தாங்கிய தெய்வம் மதுரைக் கருவறையில் நிற்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சண்டாளர்கள் என்று தள்ளப்பட்ட மக்கள் அந்தக் கோயிலுக்குள் எப்போது போக முடிந்தது? 1939 ஜூலை 8. வைத்தியநாத அய்யர் சிலரை அழைத்துக்கொண்டு உள்ளே போன நாள். அதற்கே எத்தனை எதிர்ப்பு! உள்ளே போனவர்களையும் அழைத்துப் போனவர்களையும் வழக்கிலிருந்து காப்பாற்ற அரசாங்கம் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. தேவி நுழைந்து பல நூற்றாண்டு கழித்து அவளுடைய சாதிக்காரர்களுக்குக் கதவு திறந்தது. பெயர் உள்ளே போகலாம், ஆள் போகக்கூடாது. அதுவும் சிரசு உள்ளே, உடல் வாசலில் என்பதுதான்.

'தந்திரத்தில் சாதி கிடையாது' என்பவர்கள் ஆதாரமாகக் காட்டுவது குலார்ணவ தந்திரம் போன்ற நூல்களைத்தான். இரவில் கூடும் சக்கர பூசையில் எல்லா வருணத்தாரும் சமம் என்று அந்த நூல் சொல்வது உண்மை. அடுத்து என்ன சொல்கிறது என்பதைச் சொல்லமாட்டார்கள். சக்கரம் கலைந்ததும் அவரவர் வருணம் அவரவருக்கு! விளக்கை அணைத்தால் சமத்துவம், விடிந்தால் மனுதர்மம். அந்த இரவுச் சக்கரத்தில் உட்கார வைக்கப் பெண் வேண்டும். எந்தப் பெண்? வண்ணாத்தி, சண்டாளி என்று சாதிப் பெயர் சொல்லித் தந்திர நூல்கள் பட்டியல் போடுகின்றன. அவளுடைய உடல் சாதகனின் சித்திக்கு வேண்டும். அவளுக்குச் சித்தி உண்டா, அவளிடம் விருப்பம் கேட்டார்களா என்றெல்லாம் அந்தச் சாதகனுக்குக் கவலை இல்லை.

இப்போது அந்த 'ஒரு பகல்' விசயத்துக்கு வருகிறேன். கொடுங்ஙல்லூர் பகவதி கோயிலில் மீன மாதப் பரணியில் காவுதீண்டல் நடக்கிறது. சிவப்பு உடுத்திய வெளிச்சப்பாடுகள், ஆணும் பெண்ணும், வாளோடு ஆடி வருவார்கள். ஒரு காலத்தில் அந்தப் பக்கமே வரக்கூடாது என்று வைக்கப்பட்டிருந்த சாதியார் கோயிலைச் சுற்றி ஓடி, கூரையைக் கம்பால் அடித்துத் தீண்டுவார்கள். தீண்டல் என்று விழாவுக்கே பெயர். அன்று தீட்டாக்க உரிமை உண்டு. அதற்குப் பிறகு நடை சாத்தி, சுத்தி செய்து திறப்பார்கள். சென்னை கறுப்பர் நகரத்து அம்மனுக்கு ஆண்டு விழாவில் ஊர் சார்பாகத் தாலி கட்டும்போது, மாப்பிள்ளையாக ஒரு பறையரைத்தான் நிறுத்துவார்கள் என்று தர்ஸ்டன் தொகுப்பில் குறிப்பு இருக்கிறது. அம்மனுக்குத் தாலி கட்டிய மாப்பிள்ளை மறுநாள் எந்தத் தெருவில் செருப்போடு நடக்க முடிந்திருக்கும்?

ஒரு நாள் தலைகீழாகத் திருப்பினால், மீதி நாளெல்லாம் நேராக நிற்பதற்கு அது வசதி. நெல்லைக் குதிருக்குள் கொட்டும் முன் ஒருமுறை புரட்டிவிடுவதைப் போல.

இதற்கு விலை கொடுத்தது யார் என்றால், எப்போதும் சேரிப் பெண்தான். கர்நாடகத்துச் சவதத்தி எல்லம்மாவுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அந்த எல்லம்மா யார்? ரேணுகைதான். மாதங்கிப் பெண்ணுக்கு விழா அன்று ஊரார் மேல் துப்பும் உரிமை; மற்ற நாளில் கல்யாணம் இல்லை, ஊர் ஆண்களுக்கு அவள் பொது. சென்னை மாகாணம் 1947இலும், கர்நாடகம் 1982இலும், ஆந்திரம் 1988இலும் சட்டம் போட்டன. சிவமொக்கா மாவட்டம் சந்திரகுத்தியில் அதே ரேணுகாம்பாவுக்குப் பெண்கள் நிர்வாணமாக ஆற்றிலிருந்து மலைக்கோயில் வரை நடக்கும் நேர்ச்சை இருந்தது. 1986இல் தலித் சங்கர்ஷ சமிதித் தோழர்கள் போய் மறித்தார்கள். பக்தர்கள் திருப்பித் தாக்கினார்கள், காவலர்களுக்கும் அடி. அதன் பிறகுதான் தடை வந்தது. ஒரு ஆடவனை ஏறிட்டுப் பார்த்ததற்காக வெட்டப்பட்டவள் ரேணுகை. அவள் பெயரால் ஆயிரம் ஆண்கள் பார்க்க ஏழைப் பெண்களை அம்மணமாக நடக்கவிட்டார்கள். 'பெண்ணைத் தெய்வமாகக் கும்பிடும் நாடு' என்று யாராவது சொன்னால் சந்திரகுத்தி என்கிற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், போதும்.

அசாமில் காமாக்யா இருக்கிறது. சிலை இல்லை, பாறைப் பிளவும் ஊற்றும்தான் தேவி. சதியின் யோனி விழுந்த இடம் என்கிறார்கள். ஆனி மாத அம்புபாச்சி விழாவில் தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தி, பிறகு சிவப்புத் துணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அதே கோயிலுக்குள் மாதவிலக்கான பெண் போகக்கூடாது. அந்த மலையில் முன்பு கிராதர்கள் இருந்தார்கள், அவர்களை விரட்டிவிட்டுத்தான் இது நிலைபெற்றது என்று காளிகா புராணமே சொல்கிறது. இதற்கு மேல் நான் விளக்க எதுவும் இல்லை.

கேரளத்தில் கோயில் சடங்குக்குத் தலைமை தாங்குகிறவருக்குப் பெயரே தந்திரி. 15ஆம் நூற்றாண்டில் சேன்னாஸ் நாராயணன் நம்பூதிரி எழுதிய தந்திர சமுச்சயம்தான் அங்கே வழிகாட்டி. சாதி இல்லாத மார்க்கம் என்றீர்களே, அந்தத் தந்திரியாக யார் வர முடியும்? குறிப்பிட்ட பார்ப்பனக் குடும்பங்களில் பிறந்தவர்கள். 2025இல் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்யம் கோயிலில் மாலை கட்டும் கழக வேலைக்கு முறைப்படித் தேர்வாகி ஓர் ஈழவ இளைஞர் வந்தார். பூ தொடுக்கும் வேலைதான். தந்திரிகள் சடங்குக்கு வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள்.

நம் ஊரில் நடப்பது இன்னும் நாசூக்கானது. காஞ்சி காமாட்சி உக்கிரமாக இருந்தாள், ஆதிசங்கரர் ஸ்ரீசக்கரம் வைத்துச் சாந்தப்படுத்தினார் என்று தல வரலாறு சொல்கிறது. திருவானைக்காவல் அகிலாண்டேசுவரிக்கு ஸ்ரீசக்கரத்தையே தோடாக்கிப் போட்டார்களாம். தில்லையில் காளி நடனத்தில் தோற்றாள், ஊர் எல்லைக்குப் போனாள். உக்கிரம் என்று இவர்கள் சொல்வது எதை? ஆடு, கோழி, கள், மருளாடி, பறை. சாந்தம் என்பது எதை? தயிர்சாதம், சமஸ்கிருதம், குருக்கள். இன்று உங்கள் ஊர் மாரியம்மனுக்குக் குடமுழுக்கு நடக்கும்போது பாருங்கள். யாகசாலைக்குள் யார் இருக்கிறார், பரம்பரைப் பூசாரி எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். 2003இல் ஜெயலலிதா அரசு, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, கோயிலில் ஆடு கோழி வெட்டத் தடை போட்டது. மக்கள் எதிர்த்தார்கள், 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. சடங்கில் நம்பிக்கை இல்லாதவர்களும் அன்றைக்கு அந்தத் தடையை எதிர்த்தது சரிதான். பிரச்சினை ஆட்டைப் பற்றியது அல்ல.

ஆனால் 'அம்மன் நம்ம சாமி' என்று சொல்லும் தோழர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் காலடி வைக்க முடியாமல் இருந்தது ஆகமக் கோயில் அல்ல, முத்துமாரியம்மன் கோயில். 2023 ஜனவரி 30 அன்று காவல்துறைப் பாதுகாப்போடுதான் உள்ளே போக முடிந்தது. அதே ஆண்டு விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் உள்ளே போன தலித் இளைஞரை அடித்து, ஊர் இரண்டுபட்டு, ஜூன் மாதம் அதிகாரிகள் பூட்டி முத்திரை வைத்தது திரௌபதி அம்மன் கோயிலை. இந்த இரண்டு ஊரிலும் கதவை அடைத்து நின்றவன் குருக்கள் அல்ல. நேற்றுவரை தானே சூத்திரன் என்று இழிவுபட்டவன். மாரியம்மன் கதையை அவன்தான் ஆண்டுதோறும் கூத்து வைத்துக் கேட்கிறான். அந்த அம்மனின் கழுத்துக்குக் கீழே இருப்பது யாருடைய உடல் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கதவை அடைக்கிறான்.

ஆடி மாதம் வருகிறது. கூழ் ஊற்றுவார்கள், காப்புக் கட்டுவார்கள். தோழர்கள் அவரவர் ஊரில் சிலவற்றைக் கவனித்து எழுதி வாருங்கள். காப்பு யார் கையில் கட்டப்படுகிறது, யார் கையில் கட்டப்படுவதில்லை. தேர் எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது. பறை அடிக்கிறவருக்குச் சோறு எங்கே வைத்துப் போடுகிறார்கள். வரி யாரிடம் வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள். வரி வாங்க மறுப்பதைச் சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். வரி கொடுத்தவனுக்குத்தான் கோயிலில் பேச்சு உண்டு. அடுத்த கூட்டத்தில் அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு பேசலாம். அதற்கு முன் இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் தோழர்கள் முதலில் கேட்கட்டும்.